எல்லைக்கோட்டில் இல்லை கோளாறு

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் இன்று 32 அணிகள். அவற்றில் 25 அமெரிக்காவில், 7 கனடாவில். கிழக்கு, மேற்கு என இரண்டு மண்டலங்கள். மண்டலத்துக்கு இரண்டு பிரிவுகள். பிரிவுக்கு எட்டு அணிகள். இந்த ஏற்பாட்டை அடியோடு கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்கிப் பார்ப்பது ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கும் விளையாட்டு எழுத்தாளர்களுக்கும் நெடுநாள் பழக்கம். கனடா அணிகள் ஏழையும் ஒரே பிரிவில் வை என்பார் ஒருவர். மண்டலமே வேண்டாம், 32 அணிக்கும் ஒரே பட்டியல் போதும் என்பார் இன்னொருவர். ஐரோப்பியக் கால்பந்தைப் போலக் கடைசி இடத்து அணிகளைக் கீழ்நிலை லீக்குக்குத் தள்ளு என்பார் மூன்றாமவர்.

மூன்றாவது யோசனையை உடனே ஒதுக்கிவிடலாம். இரண்டாம் நிலையில் உள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக்கின் அணிகள் தனிக்குடித்தனம் நடத்துபவை அல்ல. ஒவ்வொன்றும் மேல் லீக்கின் ஏதோ ஓர் அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்த்துக் கொடுக்கும் இடம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கீழே இறங்க, அதே நிறுவனத்துக்குச் சொந்தமான டொராண்டோ மார்லிஸ் மேலே வந்தால் அதில் தண்டனை எங்கே, பரிசு எங்கே?

மற்ற இரண்டும் அப்படித் தள்ளிவிடக்கூடியவை அல்ல. இன்றைய வரைபடம் இயற்கை வகுத்தது இல்லை என்பதை இந்தக் கற்பனைகள் நினைவூட்டுகின்றன. பழக்கத்தின் முதல் பலம் அதுதான். லீக்கே இதைவிடத் துணிச்சலான கலைப்புகளைச் செய்திருக்கிறது. 1967இல் ஆறு அணிகள் பன்னிரண்டானபோது பழைய ஆறையும் கிழக்கில் வைத்து, புதிய ஆறையும் மேற்கில் போட்டார்கள். விளைவாக, புது அணியான செயின்ட் லூயிஸ் புளூஸ் 1968, 1969, 1970 என மூன்று ஆண்டும் இறுதிச்சுற்றுக்கு வந்து, ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றது. 2011இல் அட்லாண்டா அணி கனடாவின் வின்னிபெக்குக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் அடுத்த இரண்டு பருவங்களும் அது ‘தென்கிழக்கு’ப் பிரிவிலேயே, புளோரிடா அணிகளோடு ஆடியது. உறைபனி நகரத்துக்காரர்கள் பிரிவு ஆட்டத்துக்காகக் கண்டத்தின் மறுமுனைக்குப் பறந்தார்கள். இதைப் பார்த்தவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

கனடாப் பிரிவு என்ற கனவு ஒரு முறை நனவாகவும் ஆனது. கொரோனாவால் எல்லை மூடப்பட்ட 2020–21 பருவத்தில் ஏழு கனடா அணிகளும் ‘வடக்கு’ப் பிரிவாயின. 56 ஆட்டங்களையும் தங்களுக்குள்ளேயே ஆடின. முதல் சுற்றில் டொராண்டோவும் மாண்ட்ரியாலும் மோதின. 1979க்குப் பிறகு பிளே-ஆஃபில் இவை சந்தித்தது அப்போதுதான். டொராண்டோ 3–1 என முன்னிலையில் இருந்தது. ஆறாவது ஆட்டத்துக்கு மாண்ட்ரியால் அரங்கில் 2,500 பேரை அனுமதித்தார்கள். அந்தப் பருவத்தில் கனடாவில் ரசிகர்கள் உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டம் அது. மாண்ட்ரியால் கூடுதல் நேரத்தில் வென்றது, ஏழாவதையும் வென்றது, பிறகு வின்னிபெக்கையும் லாஸ் வேகஸையும் தாண்டி இறுதிச்சுற்று வரை போய், தாம்பா பேயிடம் தோற்றது. 1993க்குப் பிறகு கனடா அணி எதுவும் ஸ்டான்லி கோப்பையைத் தொடவில்லை என்ற ஏக்கத்தில் இருக்கும் நாட்டுக்கு, ஒரு கனடா அணியாவது கட்டாயம் அரையிறுதிக்கு வந்தே தீரும் என்ற இந்த ஏற்பாடு தேனாக இனித்தது.

ஆனால் அதே பருவம் இந்தக் கனவின் குறையையும் காட்டியது. ஒவ்வோர் அணியும் மற்ற ஆறோடு ஒன்பது பத்து முறை மோதியது. மாண்ட்ரியாலுக்கு பாஸ்டனோடு ஆட்டமே இல்லை; டொராண்டோவுக்கு டெட்ராய்ட் இல்லை. ஹாக்கியின் பழம்பெரும் பகைகளில் பல எல்லை தாண்டிய பகைகள். வரைபடத்தில் நாட்டுக்கொடி நட்டால் முதலில் அறுபடுவது அவைதான்.

கொடி நடாமலே, வரைபடம் மாறியதால் மட்டும் அறுபட்ட ஒரு பகையை 2013இல் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அப்போது மேற்கு மண்டலத்தில் இருந்தது. பசிபிக் கரையில் ஆடும் நாளில் உள்ளூர்ச் சிறுவர்கள் தூங்கப்போன பிறகுதான் ஆட்டமே தொடங்கும். கிழக்குக்கு மாற்றச் சொல்லி நெடுநாள் கேட்டார்கள், கேட்டது நியாயம். மாறுவதற்கு முன் கடைசியாகச் சிகாகோ பிளாக்ஹாக்ஸோடு ஒரு தொடர். ஏழாவது ஆட்டம், 1–1. முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் சிகாகோ போட்ட கோல், நடுவர் முன்னதாகவே விசில் ஊதியிருந்ததால் செல்லாமல் போனது. கூடுதல் நேரத்தில் பிரென்ட் சீப்ரூக் அடித்ததுதான் வென்றது. அத்தோடு சரி. இனி இந்த இரண்டு அணிகளும் பிளே-ஆஃபில் சந்திக்க வேண்டுமானால் அது இறுதிச்சுற்றில் மட்டுமே முடியும். டெட்ராய்ட் சிறுவர்களுக்குத் தூக்கம் கெடாதது உண்மை. அவர்கள் இழந்ததும் உண்மை.

கலைத்து அடுக்கும் கட்டுரைகளில் நான் காணும் பெரிய குறை, அவை நகரங்களை நகர்த்துகின்றன, பிளே-ஆஃப் பாதையை மறந்துவிடுகின்றன என்பதே. அநியாயம் நடப்பது அங்கேதான். 1984–85இல் வின்னிபெக் ஜெட்ஸ் 96 புள்ளிகளோடு லீக்கிலேயே நான்காம் இடம். ஆனால் எட்மண்டனும் அதே பிரிவு. பிரிவுக்குள்ளேயே மோதி முடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இரண்டாம் சுற்றில் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது. 2016–17இல் கொலம்பஸ் 108 புள்ளிகள், அதுவும் லீக்கில் நான்காம் இடம். 111 புள்ளிகளோடு அதே பிரிவில் இருந்த பிட்ஸ்பர்க்கை முதல் சுற்றிலேயே சந்தித்து வீடு திரும்பியது. மண்டலத்தின் மறுபக்கத்தில் 98 புள்ளிகள் எடுத்த ஒட்டாவா மண்டல இறுதி வரை நடந்துபோனது. 32 ஆண்டு இடைவெளியில், வேறு வேறு வரைபடங்களில், ஒரே காயம்.

அப்படியானால் 32 அணிக்கும் ஒரே பட்டியல் போட்டு, முதல் 16ஐ வரிசைப்படி மோதவிடலாமே? நியாயத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் முதல் சுற்றிலேயே வான்கூவரும் புளோரிடாவும் சந்தித்தால், நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேர வித்தியாசத்தில், ஏழு ஆட்டங்கள் வரை மாறி மாறிப் பறக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் உடம்பு இந்தக் கணக்கில் வர வேண்டும். 2011 டிசம்பரில் லீக் ஒப்புக்கொண்ட நான்கு பிரிவுத் திட்டத்தை அடுத்த மாதமே ஆட்டக்காரர் சங்கம் மறுத்ததற்குப் பயணச் சுமை ஒரு காரணம்.

பிரிவுக்குள்ளேயே மோதவிடும் இப்போதைய பாதைக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016, 2017, 2018 மூன்று ஆண்டும் வாஷிங்டனும் பிட்ஸ்பர்க்கும், அதாவது அவற்றின் நட்சத்திரங்களான ஒவெச்கினும் கிராஸ்பியும், இரண்டாம் சுற்றில் மோதினார்கள். மூன்று முறையும் அதில் வென்றவரே கோப்பையைத் தூக்கினார். அந்தத் தொடர்களை இழக்க எனக்கும் மனம் வராது. என்றாலும், லீக்கின் நான்காவது சிறந்த அணியை முதல் சுற்றில் பலிகொடுத்துத்தான் அந்தச் சுவையை வாங்க வேண்டும் என்றால் விலை அதிகம்.

என் தீர்ப்பு இது: பிரிவுகள் இருக்கட்டும், எல்லைகளும் இருக்கட்டும். பிளே-ஆஃபில் மட்டும் மண்டலத்துக்குள் புள்ளிப்படி ஒன்று முதல் எட்டு வரை வரிசை போட்டு, முதலாவதை எட்டாவதோடும் இரண்டாவதை ஏழாவதோடும் மோதவிட வேண்டும். 1994 முதல் 2013 வரை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. இந்த வரிசை இருந்திருந்தால் 2017இல் மூன்றாம் இடத்துக் கொலம்பஸ், ஆறாம் இடத்து ஒட்டாவாவைச் சந்தித்திருக்கும்.