அறியாமை யாருடையது?
உயிரிப் பயங்கரவாதமும் செவிலியரிடம் நீட்டப்படும் வினாத்தாளும்

'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' என்று மூன்றாகப் பிரித்த வினாத்தாள் ஒன்று பல நாட்டு மருத்துவமனைகளில் புழங்குகிறது. உயிரிப் பயங்கரவாதம் பற்றிய கேள்விகளும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. ஆந்த்ராக்ஸ் எப்படித் தொற்றும்? பெரியம்மையைச் சின்னம்மையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? செவிலியர் பதில் எழுதுகிறார். மதிப்பெண் போடுகிறார்கள். 'போதிய அறிவு இல்லை, பயிற்சி தேவை' என்று தீர்ப்பாகிறது. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். கேட்பவர் அறிந்தவர், எழுதுபவர் அறியாதவர் என்ற ஏற்பாடு முதல் கேள்விக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2001 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் முதல் நோயாளியின் தண்டுவட நீரைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மருத்துவர் இல்லாவிட்டால் விஷயம் வெளிவர இன்னும் நாளாகியிருக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் செனட்டர் டாஷ்லின் அலுவலகத்தில் ஆந்த்ராக்ஸ் தூள் அடைத்த கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு உடனடியாகப் பரிசோதனை, மாத்திரை. அந்தக் கடிதம் கடந்து வந்த பிரென்ட்வுட் தபால் நிலையமோ 21ஆம் தேதிவரை இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியேறாது என்று நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். பிரிக்கும் இயந்திரம் உறையை அழுத்தும்போது காகிதத்தின் நுண்துளை வழியே தூள் கசிந்தது.

நான்கு ஊழியர்களின் நுரையீரலைக் கிருமி தாக்கியது. அவர்களில் ஒருவர் தனக்கு ஆந்த்ராக்ஸ்தான் என்று சந்தேகிப்பதாக அவசர உதவி எண்ணில் தானே சொன்னார். சில நாள் முன்பு அவரைப் பார்த்த மருத்துவர் ஏதோ வைரஸ் என்றிருந்தார். இன்னொருவர் அவசரப் பிரிவுக்குப் போய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இருவரும் இறந்தார்கள். மற்ற இருவரும் வடக்கு வர்ஜீனியாவில் வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் பார்க்கும் வேலை என்ன என்பதும் நோய்க்குறியாகக் கணக்கில் வந்தது. பிழைத்துக்கொண்டார்கள். ஒரே கிருமி, ஒரே வேலையிடம். வித்தியாசம் எங்கே? தொழிலாளி சொன்னது அறிவாக எடுத்துக்கொள்ளப்பட்டதா, புலம்பலாக ஒதுக்கப்பட்டதா என்பதில்தான்.

மொத்தம் 22 பேருக்கு நோய், 5 சாவு. தூளைத் தயாரித்து அனுப்பியவர் ராணுவ ஆய்வகத்து விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ் என்று சொல்லி 2010இல் விசாரணையை மூடினார்கள். 2008இலேயே அவர் இறந்துவிட்டதால் நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. அந்த முடிவு சரியென்றால், தற்காப்புக்கென்று கட்டிய அறிவுக்கூடமே ஆபத்தின் ஊற்று. எந்த வினாத்தாள் இதைக் கேட்கிறது?

இதோடு முடியவில்லை. 2003 ஜனவரியில் அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் இலக்கு. போட்டுக்கொண்டவர்கள் 40,000 அளவில்தான். பக்கவிளைவு வந்தால் சம்பளம் யார் தருவது, இழப்பீடு உண்டா என்று செவிலியர் சங்கங்கள் கேட்டன. இழப்பீட்டுச் சட்டம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. வினாத்தாளின் மொழியில் இதற்குப் பெயர் 'எதிர்மறை மனப்பான்மை'. நமக்கு அப்படித் தெரியவில்லை. இயற்கையாய் ஒரு நோயாளிகூட 1977க்குப் பிறகு இல்லாத நோய்க்கு, தன் உடம்பை ஈடாகக் கேட்கும் அரசைப் பார்த்து எழுப்பிய கேள்வி அது. அதுவும் அறிவுதான்.

1700இல் ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை பார்க்கிறாய்? பிரென்ட்வுட் ஊழியர்களின் உயிர் இந்தக் கேள்வியில்தான் தொங்கியது. அதைக் கேட்க நேரமும், வந்த பதிலை மேலே சொன்னால் காது கொடுக்கும் மேலிடமும் செவிலியருக்கு இருக்கிறதா? தயார்நிலையை அளக்க வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கட்டும். வினாத்தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கேள்வி கேட்பவர் செவிலியராக இருக்கட்டும்.