றிக்காடோவின் கணக்கும் மறைக்கப்பட்ட நிபந்தனையும்

உலகச் சந்தையின் நியாயத்தை மாணவர்க்கு உணர்த்தும் பொருளியல் நூல்கள் பலவும் டேவிட் றிக்காடோ 1817இல் காட்டிய உதாரணத்தையே எடுத்தாள்கின்றன. குறித்த அளவு துணியை ஓராண்டில் உண்டாக்க இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும், போர்த்துக்கலுக்கு 90 பேர்; திராட்சை மதுவுக்கு முறையே 120, 80. இரண்டிலும் போர்த்துக்கலே மேல். எனினும் அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் மேற்கொண்டால் இரு நாட்டுக்கும் இலாபம் என்பது முடிபு.

கணக்கிற் பிழையில்லை, கற்பிக்கும் முறையையே நாம் குறைகூறுகின்றோம். இப்பங்கீடு இயற்கை வகுத்ததன்று. 1703ஆம் ஆண்டு மெதுவென் உடன்படிக்கை ஆங்கிலக் கம்பளித் துணிக்குப் போர்த்துக்கலின் கதவைத் திறந்தது; கைம்மாறாக அந்நாட்டு மதுவுக்குப் பிரெஞ்சு மதுவினும் மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வை விதிக்கப்பட்டது.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்றுண்டு. மூலதனம் நாடுவிட்டு நாடு எளிதிற் பெயராது என்ற நிபந்தனையின் மீதே கணக்கு நிற்கிறது. தடையின்றிப் பெயருமாயின் துணி, மது இரண்டுமே போர்த்துக்கலில் உற்பத்தியாவது ஆங்கில முதலாளிகளுக்கு நலம் என்று றிக்காடோவே எழுதியுள்ளார். (பங்குச் சந்தையிற் பொருளீட்டியவரல்லவா!) அவ்வாறாயின், இங்கிலாந்தின் அந்த 220 தொழிலாளர் எங்கே செல்வர்? இன்று கூலி மலிந்த நாடு தேடித் தொழிற்சாலையைப் பெயர்ப்பதையே கம்பனிகள் வணிகத் தந்திரோபாயம் என்கின்றன. அதற்கு றிக்காடோவைச் சாட்சிக்கு அழைப்போர், அதே அத்தியாயத்தின் இப்பகுதியை மாணவர்க்குக் காட்டுவதில்லை.