ஐந்தடித் திரையும் அளந்து தைத்த திரையும்

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஜவுளிக்கடைக்குப் போனாலும் ரெடிமேட் ஸ்கிரீன் மூன்று உயரங்களில்தான் அடுக்கியிருக்கும்: 5 அடி, 7 அடி, 9 அடி. அகலம் எல்லாவற்றுக்கும் 4 அடி. முதலாவது ஜன்னலுக்கு, இரண்டாவது கதவுக்கு, மூன்றாவது பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு. "ஜன்னலுக்கா, கதவுக்கா?" என்பதுதான் விற்பவரின் முதல் கேள்வி, பல நேரம் கடைசிக் கேள்வியும் அதுவே. வீட்டு அளவை அவர் கேட்பதில்லை, வாங்குபவரும் கொண்டுபோவதில்லை. ஆனாலும் அந்தத் திரை பெரும்பாலான வீடுகளில் பொருந்திவிடுகிறது. அதற்குக் காரணம் தேடினால் கொத்தனாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் லிண்டல் மட்டம் 7 அடி. ஜன்னலின் அடிமட்டம் ஏறத்தாழ 3 அடி. ஆக, நடுவில் நிற்கும் ஜன்னலின் உயரம் 4 அடி. அதற்கு மேலே நாலு அங்குலம் தள்ளி ராடு, கீழே எட்டு அங்குலம் இறக்கம் என்று வைத்தால் கூட்டிக் கழித்து 60 அங்குலம் வரும். அதுதான் 5 அடி. கதவுக்கு நிலைக்கு மேலே நாலு அங்குலத்தில் ராடு போட்டு 7 அடித் திரையை மாட்டினால், தரைக்கு மேலே நாலு அங்குலம் இடைவெளி நிற்கும். ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டுக்கு அந்த இடைவெளி அவசியம். இப்படி வீடு கட்டும்போதே அளவு முடிந்துவிடுகிறது. கடைக்காரர் கேட்காமல் விற்பது அந்த நம்பிக்கையில்தான்.

அதனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. திரையை வாங்கிய பிறகுதான் ராடு மாட்ட ஆள் வருகிறார். திரையைச் சுவரில் பிடித்துக் காட்டச் சொல்லி, கீழ் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து டிரில் போடுகிறார். திரை முதலில், ஓட்டை பிறகு. அங்குலம் இரண்டங்குலம் முன்பின் இருந்தாலும் பிராக்கெட் மேலும் கீழுமாக நகர்ந்து அதைச் சரிக்கட்டிவிடும்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இந்த வரிசை தலைகீழ். அங்கே முதலில் திரைக் கொக்கிகள் ஓடும் றெயில் பூட்டியாக வேண்டும். "யன்னல் எத்தினை அடி எண்டு பிறகு பாப்பம் அக்கா, முதல் றெயில் பூட்டியாச்சோ, அதைச் சொல்லுங்கோ" என்பார் தைப்பவர். பூட்டியிருந்தால் அதன் கொக்கித் துளையிலிருந்து கீழே எங்கே முடிய வேண்டுமோ அதுவரை அளப்பார். றெயில் ஓரிடத்தில் நின்றுவிட்டது; இனி துணிதான் அதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும். நம்மூரில் டிரில் செய்கிற சமாதானத்தை அங்கே ஊசி செய்கிறது.

இதற்கும் வீடு கட்டும் முறையில் காரணம் இருக்கிறது. இலங்கையின் பழைய வீடுகளில் மர ஜன்னல் நிலை தச்சர் பட்டறையில் செய்தது. ஜன்னல் கதவுகளுக்கு மேலே பல வீடுகளில் ஃபேன்லைட் என்கிற சிறு மேற்பகுதியும் சேர்ந்திருக்கும். கண்ணாடியோ, மரச்சட்டமோ, கம்பிவலையோ அதில் இருக்கலாம். காற்று அதன் வழியாகத்தான் போய்வருகிறது. திரை அதையும் மறைக்க வேண்டுமா, அல்லது குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொடங்கினால் போதுமா? இதைத் தீர்மானிக்காமல் உயரத்தை அளக்கவே முடியாது. ஒரே வீட்டில் கூடத்து ஜன்னலுக்கு ஃபேன்லைட் இருந்து சமையலறை ஜன்னலுக்கு இல்லாமலும் இருக்கும். போருக்குப் பிறகு எழுந்த வீடுகளிலும் இந்தப் பன்மை போகவில்லை. 2012 அக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதியில், வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாய் தவணையாகக் கொடுத்து, உரிமையாளரே கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். அப்படிக் கட்டும்போது ஜன்னல் நிலையும் அவரவர் கைக்கு எட்டிய பட்டறையிலிருந்துதான் வரும். வரைபடம் ஒன்றாக இருந்தாலும், அடுத்த வீட்டு அளவை நம்பித் துணி வெட்ட முடியாது.

தமிழ்நாட்டிலும் தைத்துப் போடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. ராடின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து இருபதால் வகுத்தால் எத்தனை பட்டை என்று தெரியும். 4 அடி ஜன்னலுக்கு இரு பக்கமும் ஆறாறு அங்குலம் கூட்டினால் ராடு 60 அங்குலம், மூன்று பட்டை. உயரம் 60, மேல்மடிப்பு கீழ்மடிப்புக்கு 12, ஆக 72; மூன்றால் பெருக்கி 39-ஆல் வகுத்தால் ஐந்தரை மீட்டர் துணி. இது 48 அங்குல அகலத் துணிக்கான கணக்கு. ரெடிமேட் வாங்குகிறவர்கள் அதே ஜன்னலுக்கு இரண்டு பட்டையோடு நிறுத்திக்கொள்வதால்தான் இழுத்து மூடியதும் மடிப்பே இல்லாமல் விரித்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி நிற்கிறது. என்னைக் கேட்டால், நம் வீடுகளில் திரை அழகாக இல்லாததற்குத் துணியின் நிறத்தையோ விலையையோ குறை சொல்வது வீண். அகலம் போதவில்லை, அவ்வளவுதான்.

அகலத்தில் இலங்கைக்காரர்கள் தாராளம். அங்கே நெடுநாள் வழக்கம் வளையம் அடித்த திரை கிடையாது. மேலே பட்டி வைத்து, கிள்ளிக் கிள்ளிப் பிளீட் தைத்து, கொக்கியில் மாட்டுவது. 6 அடி றெயில் என்றால் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு, அதாவது 144 முதல் 180 அங்குலம் வரை துணி வேண்டும். நடுவில் இரண்டு திரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு மூன்று அங்குலம், ஓரங்களில் சுவர்ப்பக்கம் திரும்ப இன்னொரு மூன்று அங்குலம் என்று தனியாகவும் சேர்ப்பார்கள். ராடு மாட்டும் நாம் இந்தச் சுவர்த் திருப்பத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் குத்துவது அந்தப் பக்கச் சந்து வழியாகத்தான்.

இப்போது இரண்டு நாட்டிலும் 110 அங்குல அகலத் துணி வந்துவிட்டது. அதைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் துணியின் அகலமே திரையின் உயரமாகிவிடும். நடுவில் ஒட்டுத் தையலே வராது. 180 அங்குலம் வேண்டுமானால் ஏறத்தாழ 4.6 மீட்டர் வாங்கினால் தீர்ந்தது, மடிப்போடு சேர்ந்த உயரம் 110 அங்குலத்தைத் தாண்டாதவரை. ஆனால் 5 அடித் திரைக்கு மடிப்பு உட்பட 72 அங்குலம் போக, 38 அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டை மிஞ்சும். கைதேர்ந்த தையல்காரர் அதை விடமாட்டார். பெல்மெட்டுக்குப் பிரில், இருக்கைக்குக் குஷன் உறை என்று ஆகிவிடும். ஒரு கூடத்தில் திரையும் குஷனும் ஒரே பூவில் இருந்தால் அதன் பின்னால் இப்படி ஒரு மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. யார் (கெஜம்) கணக்கா மீட்டர் கணக்கா என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் மூத்தவர்கள் இன்னும் யாரில்தான் யோசிக்கிறார்கள். 6 யார் வேண்டிய இடத்தில் 6 மீட்டர் வாங்கினால் அரை மீட்டர் மிஞ்சும். மாறி நடந்தால் கடைசித் திரைக்கு ஒரு முழத்துக்கு மேல் குறையும்.

இலங்கையில் ஜன்னலைவிடச் சுவாரசியமானது அறை வாசல். பகலில் அறைக் கதவு திறந்தே இருக்கும். அதன் இடத்தில் திரைதான் கதவு. விருந்தாளி வந்தால் அவிழ்ந்து தொங்கும், மற்ற நேரம் நடுவில் முடிந்துவிட்டோ பக்கத்தில் நாடாவால் கட்டியோ இருக்கும். இந்தத் திரைக்கு நிலையின் வெளி விளிம்பை அளந்தால் தப்பு. இரு மரச்சட்டங்களுக்கும் உள்ளே இருக்கும் இடைவெளியை, கம்பி வரும் இடத்திலேயே அளந்து கம்பிக்கு எடுக்க வேண்டும். பழைய நிலை நேராக நிற்பதாக யாரும் நம்ப வேண்டாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் கம்பி வராவிட்டால் இரவில் கதவைச் சாத்தும்போது துணி நசுங்கும். நீளம் கணுக்கால் மட்டத்தோடு நிற்கும், விளக்குமாறு போய்வர. சித்திரை வருடப் பிறப்புக்கும் நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) வீட்டை வெள்ளையடிக்கும்போது முதலில் மாறுவதும் இந்த வாசல் திரைதான். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் அறைக்கு அறை இது தொங்கியது. ஏசி வந்து கதவைச் சாத்தியதும் அதன் வேலை போய்விட்டது.

ஸ்பிரிங் கம்பி இரு கரைக்கும் பொது. வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சுருள் கம்பியை ஜன்னலின் பாதி உயரத்தில் இழுத்து மாட்டி, அரைத் திரை தொங்கவிடுவார்கள். கம்பியை ஜன்னல் அகலத்துக்குச் சரியாக வெட்டினால் மறுநாளே தொய்யும். ஓரிரு அங்குலம் குறைத்து வெட்டி இழுத்து மாட்டுவதுதான் முறை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தலைவலி லாஃப்ட். படுக்கையறையில் லிண்டல் மட்டத்திலேயே பரண் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னலுக்கு மேலே நாலு அங்குலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ராடு பரணுக்கு இரண்டு அங்குலம் கீழே இறங்கும், வளையத்துக்கு மேலே நிற்கும் துணி விளிம்பு சிமெண்டில் உரசும், 5 அடித் திரை ஜன்னலுக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் இறங்கிக் கட்டில் மெத்தையில் படியும். இந்த ஓர் இடத்திலாவது இலங்கை வழக்கத்தைப் பின்பற்றி, ராடை மாட்டிவிட்டு அளந்து தைக்கலாம்.

2022 டிசம்பரில் சென்னை–பலாலி (யாழ்ப்பாணம்) விமானம் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, சென்னையில் ஜவுளி வாங்கி யாழ்ப்பாணம் போகிறவர்களின் பெட்டியில் வளையம் அடித்த திரைகளும் ஏறுகின்றன. அங்கே சுவரில் இருப்பது றெயில். வளையம் இருக்கும் மேற்பகுதியை வெட்டி எடுத்தால் மூன்று நாலு அங்குலம் போய்விடும். 5 அடித் திரைக்கு ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இறக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். 7 அடியாக வாங்கினால் மேலே வெட்டிப் பட்டி வைத்தது போகக் கீழே மடிக்கவும் துணி கிடைக்கும். அகலத்துக்கு இரண்டுக்குப் பதில் மூன்றாக வாங்கிக்கொள்வது உத்தமம். 4 அடிப் பட்டையைக் கிள்ளிப் பிளீட் தைத்தால் மூடுவது இரண்டடிக்கும் குறைவாகத்தான்.