‘ஸ்டே’ என்னும் கூரை

பம்பாயை அடுத்த உல்லாஸ்நகரில் நியாயஸ்தலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘தீர்ப்பு’ என்ற சொல்லைக் காட்டிலும் ‘ஸ்டே’ என்ற சொல்லே முதலில் காதில் விழும். ‘ஸ்டே வாங்கியாச்சு’ என்று சொல்லுகிறவர் முகத்தில் தோன்றும் நிம்மதி, வழக்கையே ஜெயித்தவர் முகத்திலும் அவ்வளவு தோன்றுவதில்லை. இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. வழக்கு முடியும்வரை உள்ளதை உள்ளபடி காப்பதற்கென்று ஏற்பட்ட தற்காலிகக் காவலே இடைக்காலத் தடை. ஆனால் ஒரு வழக்குக்கு ஒரு தலைமுறை செல்லுகிற தேசத்தில் அந்தத் தற்காலிகத்திலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்துவிடலாம் என்பதை அநுபவத்தால் கண்டவர்கள் அவர்கள்.

பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்காகக் கல்யாணுக்கு அருகிலிருந்த ராணுவ முகாமில் உருவாகி, 1949-ல் ராஜாஜி கவர்னர்-ஜெனரலாக இருந்த காலத்தில் இப்பெயரைப் பெற்ற இந்நகரம், இன்னமும் தன் பேட்டைகளை ‘கேம்ப்’ என்று எண்ணிட்டே அழைக்கிறது. இங்கே அனுமதியின்றி எழுந்த 855 கட்டடங்களை இடிக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரறிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பகிரங்கமாகச் சொன்னதே அவ்வுத்தரவின் பெருமை. குறையோ, அதை நிறைவேற்றும் பொறுப்பு, அக்கட்டடங்கள் எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்த நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டதில் இருந்தது. கட்டி விற்றவன் காசோடு போய்விட, ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவன்மீதே அதன் பாரமும் இறங்கிற்று. கூக்குரல் எழுந்தது. சர்க்கார் 2006-ல் தனிச் சட்டமே இயற்றி, அபராதம் செலுத்தினால் வரன்முறைப்படுத்தலாம் என்றது. காகிதத்தில் ஒழுங்காகிற கட்டடம் கம்பியிலும் காங்கிரீட்டிலும் ஒழுங்காகிவிடுவதில்லை. 2021 மே மாதத்தில் மட்டும் இந்நகரின் இரண்டு கட்டடங்களில் தளம் சரிந்து உயிர்கள் போயின.

நீதிமன்ற உத்தரவால் பயனே இல்லை என்பது என் கட்சியன்று. சேலத்திலிருந்து 1961-ல் பிழைக்க வந்து பம்பாய் நடைபாதையில் குடியிருந்த ஒரு தமிழரின் குடிசையை 1981 ஜூலையில் பிரித்தெறிந்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் பெண்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிவந்து மறுபடி நடைபாதையிலேயே ஒண்டினார். அவரும் மனுதாரராயிருந்த, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரிலான வழக்கில் 1985-ல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஜீவனோபாயத்தைப் பறிப்பது ஜீவனைப் பறிப்பதேயாகும் என்ற கருத்தை ஏற்று, மழைக்காலம் கழிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, குடிசைகளில் கைவைக்கக் கூடாதென்றது. ஆயினும் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் சொல்லிற்று. மகத்தான தத்துவம் ஒன்றும், சில மாத அவகாசமும்! தத்துவம் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. குடிசைக்காரனுக்குக் கிடைத்தது அந்த மழைக்காலம். அதையும் அற்பமென்று சொல்ல, ஆடி மழையில் தார்ப்பாய்க்கடியில் ஒரு ராத்திரியாவது கழித்தவனுக்கு மனம் வராது.

தடையுத்தரவு தடுப்பது அதிகாரியின் கையைத்தான். கூரையை அது தாங்குவதில்லை. சென்ற மழைக்காலத்தில் உல்லாஸ்நகரிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஸ்டேயின் ஜெராக்ஸை அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார். “வாசிச்சுச் சொல்லுங்க தம்பி, இன்னும் செல்லும்தானே?” என்றார். அடுத்த விசாரணைத் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் காரை பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்தவர், “அதுக்குத்தான் கட்டிலை அந்தாண்ட நகர்த்திட்டோம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தார்.