ஒன்றரை லட்சத்தில் தொடங்கும் கேமிங் கணினி: கல்முனைக்கு ஒரு கணக்கு

கல்முனைப் பக்கம் கேமிங் கணினி கட்டப்போகும் பொடியன்மார் முதலில் கேட்பது எந்த கிராபிக்ஸ் காட் எடுக்கலாம் என்பதைத்தான். காட் பிறகு வரட்டும், வீட்டு பிளக் பொயின்டில் ஏர்த் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க என்றால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விமர்சனத்துக்கு எடுத்திருப்பது சாய்ந்தமருதில் ராத்தாவின் மகனுக்காக நான் கட்டிக்கொடுத்த இயந்திரம். மருமகன் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வீட்டில் சொன்ன காரணம் படிப்பு. சொல்லாத காரணம் வெலோரன்ட் கேம். கையில் இருந்தது ராத்தாவின் சீட்டுக் காசு, ஒன்றரை லட்சம் ரூபாய். அவனுடைய வாப்பா கட்டாரிலிருந்து லீவில் வரும்போது இன்னொரு தொகை கிடைக்கும் என்று பேச்சு. இந்தக் கரையில் பல வீடுகளில் காசு இப்படித்தான் வரும். மொத்தமாக வராது, ஆனால் எந்த மாதம் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். கணினியையும் அதற்கேற்பப் பிரித்தோம்: சீட்டுக் காசுக்கு, கிராபிக்ஸ் காட் இல்லாமலே கேம் ஓடும் ஒரு கணினி. வாப்பாவின் காசுக்குக் காட். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் புரொசெசர் மாற்றம்.

முதல் கட்டத்துக்கு வாங்கியவை இவை: ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, பி550 சிப்செட் உள்ள சிறிய மதர்போட், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வொட் பவர் சப்ளை, முன்பக்கம் வலை வைத்த கேசிங். 1080பி மொனிட்டர் வீட்டில் ஏற்கனவே இருந்தது. சாமான் எல்லாம் கொழும்பு பம்பலப்பிட்டியில் எடுத்து, பெட்டி கட்டி, இரவு பஸ்ஸில் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் ரூபாய் விலை போட்டால் நன்றாக இருக்கும்தான். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்ட நாடு இது. 2024 ஜனவரியில் வற் வரியும் 15இலிருந்து 18 வீதமாக ஏறியது. இன்று எழுதும் விலை வாசகர் கைக்குப் போகும்போது பொய்யாகிவிடும். அதனால் பங்கை மட்டும் சொல்கிறேன்: புரொசெசரும் மதர்போடும் சேர்ந்து பாதிக்குச் சற்று மேல், பவர் சப்ளைக்கு எட்டில் ஒன்று, மீதியில் மற்றதெல்லாம். பவர் சப்ளைக்கு எட்டில் ஒன்றா என்று கேட்பவர்களுக்குப் பதில் கீழே வருகிறது.

5600ஜி 2021 ஆகஸ்டில் 259 டொலருக்கு வெளிவந்தது. 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். பழைய சரக்கு என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம். இது உட்காரும் ஏஎம்4 சொக்கெட் 2016இல் வந்தது. அதில் போடக்கூடிய புரொசெசர்கள் புதிதாகவும் பாவித்தவையாகவும் சந்தையில் நிறைந்து கிடக்கின்றன. 2022 செப்டெம்பரில் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம். அங்கேதான் சிக்கல். 2025 கடைசியிலிருந்து உலகத்து மெமரி சிப்பையெல்லாம் ஏஐ தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. டிசெம்பரில் மைக்ரொன் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. டிடிஆர்4 விலையும் ஏறத்தான் செய்தது. ஆனால் டிடிஆர்4 பாவித்ததாகவாவது கிடைக்கும், ரேம் சுலபத்தில் பழுதாகும் சாமானும் இல்லை. ஒல்லியான பட்ஜெட்டுக்கு ஏஎம்4ஐ விட்டு நகர இப்போது ஒரு காரணமும் இல்லை.

மதர்போடில் ஒரு கண் வேண்டும். பி450 மலிவாகக் கிடைக்கும், ஆனால் பழைய இருப்பு என்றால் பயோஸ் புதுப்பிக்காமல் 5600ஜியை அடையாளம் காணாது. கொழும்பில் என்றால் கடைக்காரர் பழைய புரொசெசர் ஒன்றைப் போட்டுப் புதுப்பித்துத் தருவார். இங்கே அதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். பி450தான் என்றால் புரொசெசர் இல்லாமலே பயோஸ் புதுப்பிக்கும் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள்.

பூட்டி முடித்து முதலில் ஓன் செய்தபோது ரேம் 3200இல் ஓடவில்லை. இது பழுதல்ல, பெரும்பாலான கணினிகள் அப்படித்தான் வரும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதைத் திறந்துவிட வேண்டும். கேமிங் கணினி என்று வாங்கி அதைத் திறக்காமலே பாவித்துக்கொண்டிருக்கும் வீடுகள் கல்முனையில் எத்தனையோ. தனிக் காட் இல்லாத கணினியில் கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் வேலை செய்கிறது; 16 ஜிபியில் 2 ஜிபியை அதற்கென்று ஒதுக்கிவைத்தோம். ஒரே ரேம் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி வரையும், இரண்டு என்றால் 51.2 ஜிபி வரையும் தரவு போய்வரும். சோதித்துப் பார்க்க ஒன்றைக் கழற்றினேன். 1080பியில் குறைந்த செட்டிங்கில் நொடிக்கு நூறு பிரேமைத் தாண்டி நின்ற வெலோரன்ட் எழுபதை ஒட்டி விழுந்தது. 16 ஜிபியை ஒரே ரேமாக வாங்கி, மற்ற இடத்தைப் பிறகு நிரப்பலாம் என்பது கேட்க நியாயமான யோசனை. இந்தக் கணினிக்கு அது பொருந்தாது.

காட் இல்லாமலே ஜிடிஏ 5 சாதாரண செட்டிங்கில் அறுபதைச் சுற்றி ஓடுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஓடும், ஆனால் புகைக்குண்டு வெடித்தால் தடுமாறும். சைபர்பங்க் 2077ஐத் திறந்து பார்த்தோம். 720பிக்கு இறக்கி முப்பதுக்கு மன்றாடுவதைவிட மூடிவிடுவது மரியாதை. எஸ்எஸ்டி 500 ஜிபி என்பது சீக்கிரம் நிரம்புகிறது, ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும். டேட்டா காசை மிச்சம் பிடிக்க, கூட்டாளி வீட்டிலிருந்து போர்ட்டபிள் டிஸ்க்கில் கேமைக் கொண்டுவந்து போட்டு, ஸ்டீமில் சரிபார்க்கக் கொடுத்தால் விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

இனி பவர் சப்ளை. பட்ஜெட் கணினியில் முதலில் கழுத்து வெட்டப்படுவது இதுதான், கேசிங்கோடு இலவசமாக வரும் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். 5600ஜி மட்டும் உள்ள கணினி கேம் ஓடும்போது இழுப்பது 100 வொட் அளவுதான், அதற்கு 550 வொட் அதிகம் என்று தோன்றும். ஆனால் இரண்டாம் கட்டத்தில் காட் வந்து உட்காரப்போவது இதே பவர் சப்ளையில். அப்போது மாற்றினால் இரண்டு தரம் காசு. மதர்போடையும் பவர் சப்ளையையும் முதல் நாளே சரியாக எடுத்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் கழற்றிப் பூட்டும் வேலை மட்டும்தான்.

கரண்டும் இங்கே அடங்கிக் கிடப்பதில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்டது. இப்போது நேர அட்டவணை போட்டு வெட்டுவதில்லை என்றாலும், மாரிக் காற்றும் இடியும் சேரும் மாதங்களில் கரண்ட் போய்ப்போய் வரும். சாமானைக் கெடுப்பது பெரும்பாலும் கரண்ட் திரும்பி வரும் அந்தக் கணம்தான். 650 விஏ யூபிஎஸ் ஒன்று முதல் கட்டக் கணினிக்குத் தாராளம். காட் போட்ட பிறகு அதே யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், கேமைச் சேமித்து மூடுவதற்கு அது போதும். மலிவான யூபிஎஸ்கள் தரும் கரடுமுரடான அலை சில நல்ல பவர் சப்ளைகளுக்கு ஒத்துவராமல் கணினி அணைந்துவிடுவதும் உண்டு. கடையிலேயே இரண்டையும் இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஏர்த் விஷயத்துக்கு வருகிறேன். 13 ஆம்பியர் சதுரப் பின்னை நாடு தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய வீடுகளில் வட்டப் பின் பொயின்ட்கள்தான். அதில் இரண்டு பின் அடாப்டரைச் செருகிக் கணினியை ஓட்டினால் ஏர்த் அறுந்துபோகிறது. பவர் சப்ளையின் வாசலில் மின்சாரத்தை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கேசிங்கோடு இணைந்திருக்கும். ஏர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு கேசிங்கில் வந்து நிற்கும். ஓட்டம் மிகச் சிறிது என்பதால் ஆளை அடிக்காது, கையை இலேசாகக் கடிக்கும். "கணினி கடிக்குது மாமா" என்று மருமகன் சொன்னது இதைத்தான். அந்த நிலையில் மொனிட்டர் கேபிளையும் யூஎஸ்பியையும் செருகிக் கழற்றினால் போர்ட் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பொயின்டை மட்டுமாவது ஏர்த்தோடு மாற்றிக்கொள்வது எந்த கிராபிக்ஸ் காட்டையும்விட மலிவு.

கடற்காற்றும் ஒரு செலவு. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையில் இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. கேசிங் ஸ்குரூவும் பின்பக்க போர்ட்களும் எம்மாத்திரம்? கணினியை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட அடிக்கடி ஓட்டுவது நல்லது, சூடு ஈரத்தை விரட்டும். பெருநாளுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அதை மூடிவைக்க மறக்க வேண்டாம், சுண்ணாம்புத் தூசி ஃபேனுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

இரண்டாம் கட்டக் காசு வந்தபோது எடுத்தது ரேடியன் ஆர்எக்ஸ் 6600. 2021 ஒக்டோபரில் வந்தது, 8 ஜிபி மெமரி, 132 வொட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. வாப்பா கட்டாரிலேயே வாங்கி வரலாமே என்ற யோசனை வீட்டில் எழுந்தது. விலை இலேசாகக் குறையலாம், ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்குள்ள முகவர்கள் பெரும்பாலும் வொரண்டி தருவதில்லை. கல்முனைக்காரருக்கு வொரண்டி என்பதே கொழும்புக்குப் பார்சல் அனுப்பிக் காத்திருப்பதுதான். அதையும் தோஹாவுக்கு நீட்டுவானேன்? காட்டைக் கொழும்பில்தான் எடுத்தோம்.

5600ஜிக்கு ஒரு குறை உண்டு, பெட்டியில் யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. காட் பேசும் பிசிஐஇ வழியை மதர்போட் 4.0 வேகத்தில் தந்தாலும் இந்தப் புரொசெசர் 3.0க்கு மேல் போகாது. ஆர்எக்ஸ் 6600 எட்டு பாதைகளில் பேசுவதால் இழப்பு சிறியது, கண்ணுக்குப் படவில்லை. ஆனால் மலிவு என்று ஆசை காட்டும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு இருப்பது நான்கே பாதைகள், 4 ஜிபி மெமரி. 5600ஜியோடு அதைச் சேர்ப்பது காசைக் கடலில் போடுவதற்குச் சமம். இன்டெல் ஆர்க் பி580 நல்ல காட்தான், ஆனால் பலமான புரொசெசர் கேட்கும். பாவித்த ஆர்எக்ஸ் 580கள் இன்னும் விலைபோகின்றன. 2022 செப்டெம்பரில் எத்தீரியம் மைனிங் முடிந்தபோது இரவு பகலாக உழைத்த காட்கள் எல்லாம் சந்தையில் கொட்டப்பட்டன. முழு அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டாத யாரிடமும் அதை வாங்காதீர்கள்.

காட் வந்த பிறகு சைபர்பங்க் 1080பியில் உயர்ந்த செட்டிங்கில் அறுபதை ஒட்டி ஓடுகிறது. 720பியில் மன்றாடிய அதே கணினி. ஜிடிஏ 5 நூற்றைத் தாண்டுகிறது. வெலோரன்ட்டில் மட்டும் எதிர்பார்த்த பாய்ச்சல் இல்லை, அங்கே புரொசெசரின் 16 எம்பி கேஷ்தான் தடுக்கிறது. 32 எம்பி கேஷும் பிசிஐஇ 4.0உம் உள்ள 5600 அல்லது 5700எக்ஸை அதே மதர்போடில் போடுவதே மூன்றாம் கட்டம். 5600ஜியை விற்பது எளிது, காட் இல்லாமல் வேலை செய்யும் புரொசெசர் என்பதால் கேட்டு வருவார்கள். 75 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வைத்திருக்கும் மருமகனுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

ராத்தாவுக்குச் சொல்ல ஒரு கணக்கும் உண்டு. காட்டோடு மொனிட்டரும் சேர்ந்து 250 வொட் அளவு இழுக்கிறது. நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 30 யூனிட். காட் இல்லாமல் இதில் பாதி. வீட்டு மின்சாரப் பில் 30, 60, 90, 120, 180 என்று படிகளில் ஏறுவதால், அந்த 30 யூனிட் வீட்டை ஒரு படி மேலே தூக்கிவிடக்கூடும்.

கையில் ஒன்றரை லட்சம் இல்லை, அதில் பாதிகூட இல்லை என்பவர்கள் பாவித்த ஒப்பீஸ் கணினிகளைத்தான் பார்ப்பார்கள். நான்காம் தலைமுறை ஐ5 போட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், அதில் 75 வொட் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. ஜிடிஏ 5க்கு மோசமில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு அந்தத் தலைமுறை தகுதி பெறாது. விண்டோஸ் 11இல் வெலோரன்ட் டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் கேட்கும். பவர் சப்ளை இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியது, கடைச் சரக்கு நேரே பொருந்தாது. இன்றைக்கு ஓடும், வளராது.

கடைசியாக, ஜிடிஏ 6க்காகக் கணினி கட்டப்போகிறேன் என்று வரும் தம்பிமாருக்கு: ரொக்ஸ்டார் அறிவித்த 2026 நவம்பர் 19 என்பது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரீஸுக்கும் மட்டும்தான். கணினிக்கு அவர்கள் திகதி எதுவும் அறிவிக்கவில்லை. காட் வாங்கும் காசை அதற்காக இப்போதே கொடுத்துவிடாதீர்கள்.