பெர்ரி பாரில் ஓடிய மைல்

பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் மும்முறைத் தாண்டலைப் பார்த்தவர்களுக்கு அந்த இறுதிச்சுற்று எளிதில் மறக்காது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எல்தோஸ் பால் 17.03 மீட்டர், அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டர் என்று தங்கமும் வெள்ளியும் இந்தியாவுக்கே வந்தன. நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிரவீன் சித்ரவேல் 16.89 தாண்டினார். மூன்றே சென்டிமீட்டரில் வெண்கலம் கைநழுவியது. அது நடந்த அலெக்சாண்டர் ஸ்டேடியம் பெரிய போட்டிகளுக்காக மட்டும் எழுந்தது அல்ல. பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் என்ற உள்ளூர்த் தடகள கிளப்பின் வீடு அது. நம் வீரர்கள் தாண்டிய அதே பிரிவில், 1998-ல் அரங்கத்துக்குள் 15.16 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த ஆஷியா ஹேன்சனும் இந்த கிளப்தான்.

1877-ல் தொடங்கிய கிளப் இது. சின்னம், ஓடும் கலைமான். ஆரம்ப காலத்தில் இவர்களுடைய களம் டிராக் அல்ல, சேறும் வயலும் வேலியும்தான். கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் இங்கிலாந்து தேசிய அணிப் பட்டத்தை இவர்கள் அளவுக்கு அடிக்கடி வென்ற கிளப் அந்த நாட்டில் வேறு இல்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கமும் 400 மீட்டரில் வெள்ளியும் வாங்கிய காட்ஃப்ரே பிரவுனும் இவர்கள் பட்டியலில் வருகிறார். ஆனாலும் இந்த கிளப்பின் தலைசிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், ஒலிம்பிக் பதக்கம் எதையும் சொல்ல மாட்டேன். 1954 மே 29 என்பேன்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 6 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடியிருந்தார். அந்தச் செய்தி பள்ளிப் பாடம் வரை போய்விட்டது. பர்ச்ஃபீல்டின் டயான் லெதருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வகப் பணி. ஹாக்கி ஆடும் பெண். ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்த 1952-ல்தான் கிளப்புக்கு ஓட வந்தார். நெல்சன் நீல் என்ற பெண் பயிற்சியாளர் அவரை நடுத்தூர ஓட்டத்துக்குத் திருப்பினார். 1954 மே 26 அன்று ஓடிய மைலில் ஐந்து நிமிடத்தை அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் தவறவிட்டார். மூன்று நாள் கழித்து, 1929-லிருந்து கிளப்புக்கு இருந்த பெர்ரி பார் மைதானத்தில், 4 நிமிடம் 59.6 நொடியில் முடித்தார். ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் அவர்.

இந்த நேரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். 440 கெஜம் கொண்ட நான்கு சுற்று. சுற்றுக்குச் சராசரி 74.9 நொடி. அவருடைய முழுத் திறமை இதுதான் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 1955 செப்டம்பர் 21 அன்று அவர் அதே தூரத்தை 4 நிமிடம் 45.0 நொடியில் ஓடினார். பதினாறே மாதத்தில் 14.6 நொடி. அதாவது சுற்றுக்கு மூன்றரை நொடிக்கும் மேல். உச்சத்தைத் தொட்டுவிட்ட ஓட்டக்காரர் யாரும் அப்படி முன்னேற முடியாது. முதல் சாதனை நாளில் அவர் தன் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கவில்லை என்பதே இதன் பொருள்.

பிறகு என்ன ஆயிற்று? பெண்களின் மைல் ஓட்டத்துக்கு உலகத் தடகள அமைப்பு அதிகாரபூர்வ சாதனைப் பட்டியலைத் திறந்தது 1967-ல். அதில் முதலில் ஏறிய நேரம், பிரிட்டனின் ஆன் ஸ்மித் ஓடிய 4 நிமிடம் 37.0 நொடி. லெதரின் நேரத்துக்கும் இதற்கும் எட்டே நொடி வித்தியாசம். பன்னிரண்டு ஆண்டில் உலகமே சேர்ந்து சுற்றுக்கு இரண்டு நொடிதான் குறைத்தது. அவர் ஒருவரே பதினாறு மாதத்தில் அதைவிட அதிகம் குறைத்திருந்தார். பெண்களின் உடலால் முடியாததால் அந்தத் தூரம் தேங்கிக் கிடந்ததாக யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் அவர் முன் வையுங்கள். ஓட ஊக்கமும் இல்லை, போட்டியும் இல்லை. அதனால் தேங்கியது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதைச் சாக்காக வைத்து அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கினார்கள். 1960 ரோமில்தான் அது திரும்பியது. 1500 மீட்டருக்கு 1972 மியூனிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லெதருக்கு எட்டியது ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் 800 மீட்டர். 1954-லும் 1958-லும் வெள்ளி வாங்கினார். ரோமுக்குப் போனபோது அவருடைய சிறந்த காலம் கடந்துவிட்டிருந்தது; தகுதிச்சுற்றிலேயே வெளியேறினார். அவருக்கு உரிய தூரம் மைல். அந்தத் தூரத்துக்கு எந்தப் பெரிய மேடையும் கதவு திறக்காத நாட்களில் அவருக்கு டிராக்கும் பயிற்சியாளரும் கிடைத்தது ஒரு கிளப்பில்தான். அவர் சாதித்த நாளும் உலகப் போட்டி அல்ல, அந்த வட்டாரத்துப் பெண்களுக்கான சாம்பியன்ஷிப்.

கிளப் என்றால் பதக்கப் பட்டியல் என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கிலும் பர்ச்ஃபீல்டுக்குக் குறைவில்லை. 2000 சிட்னியில் ஹெப்டத்லான் தங்கம் வென்ற டெனிஸ் லூயிஸ் இருக்கிறார். ஸ்டூவர்ட் குடும்பம் இன்னும் வியப்பு. அண்ணன் பீட்டர் ஐரோப்பிய உள்ளரங்க 3000 மீட்டர் சாம்பியன்; இயன் 1970 எடின்பரோ காமன்வெல்த்தில் 5000 மீட்டர் தங்கம், 1975-ல் உலக கிராஸ் கன்ட்ரி பட்டம்; தங்கை மேரி 1978 எட்மன்டன் காமன்வெல்த்தில் 1500 மீட்டர் தங்கம். இயன் ஓடியது ஸ்காட்லாந்துக்கு, மேரி ஓடியது இங்கிலாந்துக்கு. கிளப் மட்டும் ஒன்று.

கிளப்பின் செயலாளராக நெடுங்காலம் உழைத்த டபிள்யூ. டபிள்யூ. அலெக்சாண்டரின் பெயரைத் தாங்கிய, லெதர் ஓடிய அந்தப் பழைய மைதானம் பின்னாளில் நாய்ப் பந்தய அரங்கமாகிவிட்டது. 1976-ல் கிளப் அருகிலிருந்த பெர்ரி பூங்காவில் எழுந்த புது ஸ்டேடியத்துக்கு மாறியபோது அவர் பெயரும் கூடவே வந்தது. காமன்வெல்த் போட்டிக்காக அதைப் பெரிதாக்கினார்கள். 2026 ஆகஸ்ட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கும் அதுவே இடம்.

இன்று பெண்களின் மைல் உலக சாதனை, 2023-ல் ஃபெய்த் கிப்யேகான் ஓடிய 4 நிமிடம் 7.64 நொடி. அடுத்த கோடு நான்கு நிமிடம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது பானிஸ்டர் பெயர் மட்டும் வருகிறது. அந்த வரிசையில் பெண்களுக்கான முதல் கோட்டைத் தாண்டியவர் டயான் லெதர். அவர் 2018-ல் இறந்தார். அதிகாரபூர்வ உலக சாதனைப் பட்டியலில் இன்றும் அவர் மைலுக்கு இடமில்லை. 1967-க்கு முந்தைய நேரங்களையும் அதில் சேர்க்க உலகத் தடகள அமைப்புக்கு இனியும் என்ன தயக்கம்?