பாபா யாகா வீட்டில் மூன்று ஷிப்ட்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் இன்றைய இளையோர் நாவல்கள் விடாமல் சுற்றிவருவது அழகி வசிலிசாவின் கதையை. அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட, ஏறக்குறைய 600 கதைகள் கொண்ட தொகுப்பில் அது இருக்கிறது. மாற்றாந்தாய் வீட்டில் விளக்கு அணைந்துபோகிறது. நெருப்பு வாங்கி வா என்று வசிலிசாவைக் காட்டுக்குள் துரத்துகிறார்கள். அங்கே கோழிக்கால்களில் நிற்கும் குடிசை, மனித எலும்பில் கட்டிய வேலி, உள்ளே பாபா யாகா என்ற கிழவி. நெருப்பைச் சும்மா தந்துவிடுவாளா? முற்றத்தைப் பெருக்கு, குடிசையைத் துடை, சமை, துணி துவை, கோதுமையில் கலந்த கறுப்பு விதைகளைப் பொறுக்கு என்கிறாள். மறுநாள் அத்தனையும் செய்து, கசகசாவிலிருந்து மண்ணையும் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் கிழவி அவளைத் தின்றுவிடுவாள். சாகும்போது அம்மா கொடுத்த சிறு பொம்மைதான் துணை. அதற்குச் சோறூட்டி, துக்கத்தைச் சொன்னால், இரவோடு இரவாக வேலை முடிந்திருக்கும்.

இதில் அரசன் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறான், அதுவும் வசிலிசா நெய்த துணியையும் தைத்த சட்டைகளையும் பார்த்துவிட்டு. கதையின் உடம்பு முழுக்க வேலைதான். டார்கெட் உண்டு, கெடு உண்டு, மேற்பார்வை உண்டு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று குதிரைவீரர்கள் கிழவியின் வாசலைக் கடந்து போகிறார்கள். பகல், சூரியன், இரவு என்று அவர்களைப் பற்றிக் கிழவியே விளக்குகிறாள். வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாய், உள்ளே நடப்பதைக் கேட்காமல் விட்டாய், பிழைத்தாய் என்றும் சொல்லிவைக்கிறாள்.

ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் வட்டாரத்தை அறிந்த எவருக்கும் இந்த இடத்தில் கதை சட்டென்று பக்கத்தில் வந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதிக்குக் கண்ணாடி வந்தது, செல்போன் வந்தது, லாரியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் பள்ளி முடித்த கையோடு மின்னணு ஆலைகளின் அசெம்பிளி லைனுக்கு வந்தார்கள். விடியுமுன் கம்பெனி பஸ், ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட், திரும்பினால் ஹாஸ்டல், வார்டன். பல ஆலைகளில் செல்போனைக் கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே நடப்பதைப் பற்றிய கிழவியின் விதி இங்கும் செல்லும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இளையோர் நாவல் என்ற வகை யாருக்காக எழுதப்படுகிறதோ அந்த வயதுக்காரர்கள் தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் வசிப்பது அபூர்வம்.

ஆங்கிலத்தில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த மறுகூறல்களை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பெரும்பாலானவை வேலையை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பிறவிச் சக்தியை வைக்கின்றன. லீ பார்டுகோவின் ‘ஷேடோ அண்ட் போன்’ (2012) நல்ல உதாரணம். நாயகி அலினா தொடக்கத்தில் படையில் வரைபடம் வரையும் கடைநிலை ஊழியை. கையில் மை, காலில் சேறு. தனக்குள் வெளிச்சம் இருப்பது தெரிந்ததும் அரண்மனைக்குப் போய்விடுகிறாள், வரைபடம் காணாமல் போகிறது. ரஷ்யக் கதைகளின் நெருப்புப் பறவை இந்த வரிசையில் சக்தியைப் பெருக்கும் கருவியாகச் சுருங்கிவிடுகிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2021இல் தொடராக எடுத்தது. இரண்டு சீசனோடு நின்றது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

காதரின் ஆர்டனின் ‘த பேர் அண்ட் த நைட்டிங்கேல்’ (2017) வேறு தரம். முறைப்படி பெரியவர்களுக்கான நாவல்தான் என்றாலும் பதின்வயதினர் விரும்பி வாசிப்பது. பதினான்காம் நூற்றாண்டு ரஷ்யக் கிராமம். அடுப்படியிலும் தொழுவத்திலும் குடியிருக்கும் சின்னச் சின்னத் தெய்வங்கள் வாசியா என்ற சிறுமியின் கண்ணுக்குத் தெரிகின்றன. புதிதாக வந்த பாதிரியார் அவற்றுக்குப் படைப்பதைத் தடுக்கிறார். ரொட்டித்துண்டு நிற்கிறது, தெய்வங்கள் மெலிகின்றன, ஊருக்குக் காவல் போகிறது. சிப்காட்டுக்கு நிலம் போன ஊர்களில், எல்லைச்சாமிக்குக் கூழ் ஊற்றிய தலைமுறையிடம் இந்தக் கதையைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

கேத்தரின் வாலன்டேயின் ‘டெத்லெஸ்’ (2011) சாகாவரம் பெற்ற கோஷேயின் கதை. அவன் உயிர் முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த நம் அரக்கனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வாலன்டே அவனைப் புரட்சிக்கும் லெனின்கிராட் முற்றுகைக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறார். பல குடும்பங்களை ஒரே வீட்டில் அடைத்தபோது, அந்தக் குடும்பங்களின் வீட்டுத் தெய்வங்களும் கூடவே வந்து கமிட்டி அமைத்துக்கொள்கின்றன. கிண்டலும் திகிலும் சேர்ந்த அந்தப் பகுதிக்காகவே புத்தகத்தை வாசிக்கலாம். பின்பாதி இழுவை. சோஃபி ஆண்டர்சனின் ‘த ஹவுஸ் வித் சிக்கன் லெக்ஸ்’ (2018) இன்னும் சிறியவர்களுக்கு. கோழிக்கால் வீடு ராத்திரியில் எழுந்து வேறு ஊருக்கு நடந்துவிடும்; ஒரே இடத்தில் இருந்து ஒரு சிநேகிதியாவது பிடிக்க வேண்டும் என்பது அதில் வாழும் சிறுமி மரிங்காவின் ஆசை.

வேலையைக் கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் இருவர்தான் என்பேன். ஒருவர் நவோமி நோவிக். ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) ஜெர்மன் கதையின் எலும்பின் மேல் ஸ்லாவியப் பனியைப் போர்த்தியது. மிரியெம் வட்டிக்கு விடும் யூதரின் மகள். அப்பாவுக்குக் கேட்டு வாங்கத் தெரியாததால் இவள் வீடு வீடாகப் போய் வசூலிக்கிறாள். வாண்டா, குடிகாரத் தகப்பன் வாங்கிய கடனுக்கு அந்த வீட்டில் வேலைக்கு வந்தவள். மந்திரம் என்று அவள் முதலில் பயந்தது கணக்குப் புத்தகத்தை. எண்ணும் எழுத்தும் கற்ற பிறகு தன் கடனில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று அவளே கூட்டிப் பார்க்கிறாள். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற வரியை முறைத்துப் பார்த்த எந்தப் பெண்ணும் வாண்டாவை அடையாளம் கண்டுகொள்வாள்.

இன்னொருவர் சாரா போர்ட்டர். ‘வாசா இன் த நைட்’ (2016) வசிலிசாவை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுவருகிறது. பாபா யாகாவின் குடிசை இங்கே இரவெல்லாம் திறந்திருக்கும் கடை. அதுவும் கோழிக்காலில் ஆடுகிறது. திருடியவர்களின் தலைகள் சுற்றிலும் கம்பங்களில். பல்பு வாங்கப் போன வாசா மாட்டிக்கொண்டு மூன்று இரவு அங்கே வேலைபார்க்க வேண்டியதாகிறது. அம்மா கொடுத்த பொம்மை கைநீளம். நடை சில இடங்களில் அளவுக்கு மீறித் துள்ளுகிறது. ஆனாலும் நைட் ஷிப்டை நாவலின் மையத்தில் வைத்த துணிச்சலுக்காக, நான் பார்த்தவற்றில் இதற்கே முதலிடம்.

ரஷ்யர்களிடமே இந்த வழிக்கு ஒரு முன்னோடி உண்டு. பாவெல் பஷோவ் 1879இல் உரால் மலைப்பகுதியின் சிசெர்த் என்ற ஆலையூரில், இரும்பாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சுரங்கத்திலும் உலையிலும் உழைத்தவர்கள் சொல்லக் கேட்டதை வைத்து எழுதிய ‘மலாக்கைட் பேழை’ 1939இல் வந்தது. அதில் செம்பு மலையின் எஜமானி என்றொரு தெய்வம், பச்சைக் கல்லில் ஆடை உடுத்தியவள். நேர்மையான சுரங்கத் தொழிலாளிக்கு வழிகாட்டுவாள், மேஸ்திரியைப் படுத்துவாள். ஒரு கதையில், இந்தச் சுரங்கத்தை விட்டு ஓடு என்று தன் பெயரால் ஆலை அதிகாரியிடம் திட்டோடு சேர்த்துச் சொல்லச்சொல்லி ஸ்தெபான் என்ற தொழிலாளியை அனுப்புகிறாள். அவனும் போய்ச் சொல்கிறான், சவுக்கடி வாங்குகிறான், சங்கிலியில் கட்டப்படுகிறான். ஆலை இருக்கும் இடத்தில் தெய்வக்கதை பிறக்காது என்பவர்களுக்குப் பஷோவே பதில். ஆங்கில இளையோர் நாவல்களில் பாபா யாகாவுக்குக் கிடைத்த மவுசு செம்பு மலையின் எஜமானிக்குக் கிடைக்கவில்லை.

தமிழுக்கு ரஷ்யக் கதை புதிதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களை 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்களின் மொழிபெயர்ப்பில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. வழவழப்பான தாள், வண்ணப்படம், சில்லறை விலை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. பிறகு யூமா வாசுகி போன்றவர்கள் சோவியத் சிறார் கதைகளை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. அந்தக் கதையை எடுத்து நம் மண்ணில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு நம்மவர்கள் அதிகம் துணியவில்லை.

அதற்கு வேண்டிய சரக்கு நம்மிடம் இல்லாமலும் இல்லை. நம் நாட்டுப்புறக் கதையில் நல்லதங்காளுக்கு அண்ணி மூளி அலங்காரி கொடுத்தது ஓட்டைப் பானையும், விறகுக்குப் பச்சை வாழைமட்டையும். பாபா யாகாவின் கட்டளைகளுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததன்று. பொம்மைதான் கிடைக்கவில்லை, கிணறு கிடைத்தது. இளையோர் நாவல் என்ற வடிவமும் தமிழில் நிலைபெற்றுவருகிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’க்கு 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பொம்மை பேசினால் வாசிக்கத் தயாராக இருப்பவர்கள், ஹாஸ்டல் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டிக்குள் இருக்கும் பொம்மை பேசினால் வாசிக்க மாட்டார்களா?

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் சக தொழிலாளிகள் நோயில் விழுந்தபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். வசிலிசா கேட்காமல் விட்ட கேள்வி அது: உள்ளே என்ன நடக்கிறது? தமிழ் மறுகூறல் அங்கிருந்து தொடங்கலாம். எழுதப்போகிறவர் அந்த லைனில் நின்றவராக இருந்தால் இன்னும் நல்லது. இளையோர் நாவலுக்குப் போட்டி அறிவிக்கும் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறிவிப்பை இலக்கிய இதழ்களில் போடுவதோடு நிறுத்தாமல், சுங்குவார்சத்திரத்திலும் ஓரகடத்திலும் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் ஒட்டுங்கள். கடைசித் தேதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள்.